பென்சில் புள்ளி வைத்த முட்டைகள்

பசுவந்தனைச் சாலையில் டிராக்டர் சத்தம் கேட்டதும் காளீஸ்வரி தட்டைக்கல்லைப் புரட்டினாள். அய்யாவின் பிஞ்சை நிலத்து மூலையில், கல்லுக்கு அடியில், சுண்டுவிரல் நகத்தளவில் இரண்டு வெள்ளை முட்டைகள். தாய்ப்பல்லி மண்வெடிப்புக்குள் நழுவியது. சுவர் ஏறத் தெரியாத தரைப்பல்லி அது. இமை கிடையாது, கண்ணில் தூசி விழுந்தால் நாக்கை நீட்டித் துடைத்துக்கொள்ளும்.

போன கோடையிலும் இப்படித்தான் உழவுக்கு முன்னால் இரண்டு முட்டைகளை எடுத்துப் போனாள். டப்பாவில் கரிசல் மண்ணை நிரப்பி, காய்ந்துவிடுமே என்று தண்ணீர் தெளித்தாள். ஊறிய கரிசல் காயும்போது வெடித்தது, முட்டைகளும் நொறுங்கின. உள்ளே நூல் போல ஒரு கால் தெரிந்தது. அந்தக் கால் ஒரு வருஷமாக அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. இந்தத் தடவை குஞ்சு உயிரோடு வந்தே ஆக வேண்டும்.

டிராக்டர்க்காரர் மணிகண்டபிரபு வரப்போரம் நிறுத்தினார்.

"அண்ணாச்சி, இந்த மூலைய விட்டுட்டு உழுதுருங்களேன்."

"விட்டா ஒங்கய்யா என்னய உழுதுருவாரு. ஏட்டி, அதத் தொட்டா ஒடம்பெல்லாம் தேமல் வரும் பாத்துக்கோ."

"வரட்டும். அஞ்சு நிமிஷம் பொறுங்க."

முட்டை புரண்டால் உள்ளிருக்கும் குஞ்சு செத்துப்போகும். அதனால் கிடந்தபடியே இரண்டின் உச்சியிலும் பென்சிலால் புள்ளி வைத்தாள். மணிகண்டபிரபு ஹாரனை விடாமல் அழுத்தினார். அவள் நிமிரவில்லை. தீப்பெட்டி ஆபீசில் எட்டு வருஷம் குச்சி அடுக்கிய விரல்கள் பிசகவில்லை. கரண்டியால் அள்ளி, டப்பாவிலிருந்த ஓடை மணலில் வைத்தாள். புள்ளிகள் வானத்தைப் பார்த்தன. சைக்கிளில் ஏறாமல், டப்பாவை ஏந்தியபடி வீடு வரை நடந்தாள்.

ஐம்பது நாளும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. பல தடவை கை போனது, இழுத்துக்கொண்டாள். ஒரு முட்டை கறுத்துப்போனது. மற்றொன்று ஆனிமாதக் காலையில் கீறியது. தீக்குச்சி நீளத்தில் ஒரு குஞ்சு வெளியே வந்து, முதல் வேலையாகத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

உழுத பிஞ்சையின் மூலையில் தட்டைக்கல்லைத் திரும்பப் போட்டு, குஞ்சை அதன் அடியில் விட்டாள்.

புரட்டாசி விதைப்புக்கு மணிகண்டபிரபு வந்தபோது அவள் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிட்டி!"

"ஆபீசுக்கு லீவு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன், அண்ணாச்சி. பொழுதடையுற வரைக்கும் இங்கனதான் இருப்பேன்."

அவர் முறைத்தார். அவள் அசையவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, அந்த இடம் வந்ததும் கலப்பையைத் தூக்கி வளைந்து போனார்.