பறந்த குண்டின் படம்

தொண்டாமுத்தூர்ப் பண்ணையார் குமாரசாமியைப் போலக் குறிபார்த்துச் சுடக்கூடியவர் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே இல்லை என்று அவரே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். பைக்காரா மின்சாரம் வந்த புதிதில், கல்லூரியில் பௌதிகம் போதித்த திருமூர்த்தி ஒரு கருவி செய்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஆள் விட்டார். கண்ணாடி ஜாடிகளில் மின்சாரத்தைத் தேக்கி, ஒரே பொறியாக வெடிக்க விடும் கருவி அது. பொறி ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரந்தான் எரியும். அந்த வெளிச்சத்தில், பறக்கும் குண்டும் நின்றாற்போலப் படத்தில் விழும்.

“நான் பல்பை ஒடைக்கிறதைப் படம் புடிச்சுக் குடுங்க வாத்தியாரே. கலெக்டர் தொரைக்குக் காட்டோணும்.”

தேங்காய்க் கிடங்கின் கதவுகளை அடைத்து இருட்டாக்கினார்கள். கோடியில் ஒரு பழைய பல்பைத் தொங்கவிட்டு, பக்கத்தில் மங்கலான சிவப்பு விளக்கு வைத்தார்கள். வெடிச் சத்தம் பட்டதும் பொறி தானே கிளம்பும்படி திருமூர்த்தி ஏற்பாடு செய்திருந்தார். பண்ணையார் சுட்டார். பளீரென்று மின்னியது; பல்பு நொறுங்கியது. உறவுக்காரர்கள் கைதட்டினார்கள். அதற்காகத்தானே விருந்து போட்டு அழைத்திருந்தது.

மறுநாள் திருமூர்த்தி தயங்கித் தயங்கிப் படத்தைக் கொடுத்தார். குண்டு தெளிவாக விழுந்திருந்தது, பல்புக்கு ஒரு முழம் மேலே. பல்பில் கீறல்கூட இல்லை. தேங்காய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து, தடியை ஓங்கியபடி ஒரு கை மட்டும் நீண்டிருந்தது.

பண்ணையாரின் மனைவி நஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, இது நம்ம காரியக்காரரு ஈஸ்வரமூர்த்தி கையாட்டமா இருக்குது?”

“மிசினு பொய் சொல்லுது!” என்று கத்தினார் பண்ணையார்.

“ஆமாங்க எசமான், கோளாறு புடிச்ச மிசினுங்க,” என்றார் ஈஸ்வரமூர்த்தி. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

“சத்தங்கேட்டு இவரு தடிய வீசறதுக்குள்ள குண்டு தாண்டிப் போயிருச்சுங்க. மிசினுக்கு ஆள் பார்க்கத் தெரியாதுங்க,” என்றார் திருமூர்த்தி.

பண்ணையார் படத்தின் மூலக் கண்ணாடித் தகட்டைக் கேட்டு வாங்கி, தரையில் வீசி உடைத்தார். இந்த முறை குறி தப்பவில்லை.

திருமூர்த்தி முன்பே அச்செடுத்து வைத்திருந்த இன்னொரு பிரதியை நஞ்சம்மாள் தனியாகக் கேட்டு வாங்கி, பவானியிலிருந்த தன் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டாள். கணவர் காரணம் கேட்டதற்கு, “உங்க கீர்த்தி நாலு பேருக்குத் தெரியட்டுமுங்க,” என்றாள். அடுத்து அங்கே நடந்த கல்யாணத்தில், பெண்கள் கூடியிருந்த பக்கமெல்லாம் அந்தப் படம் கைமாறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தாலி கட்டியதுமே பண்ணையார் ஊர் திரும்ப வண்டியைப் பூட்டச் சொன்னார்.

திருமூர்த்திக்கு வருத்தம் வேறிடத்தில் இருந்தது. காற்றில் அசையாமல் நின்ற அந்தக் குண்டைப் பிடிக்க அவர் நான்கு மாதம் பாடுபட்டிருந்தார். படம் பார்த்தவர்களில் ஒருவர்கூட அதை என்னவென்று கேட்கவில்லை. எல்லோரும் கையைத்தான் பார்த்தார்கள். கல்லூரித் தலைவர்கூட, “யார் கை ஐயா இது?” என்றுதான் கேட்டார்.