மௌன அஞ்சலியில் ஒரு குறட்டை

இரவு ரயில் பாலத்தோடு ஆற்றில் விழுந்த முதலாம் ஆண்டு நினைவு நாளில், நாடே எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்திய அந்த ஒரு நிமிடத்தில், தையல்காரியின் கணவர் குறட்டை விட்டார். அந்த ரயிலில் போனவர்தான் அவர். ஆள் திரும்பவில்லை, குறட்டை மட்டும் வந்தது. துறைமுகம், பள்ளிக்கூடம், நாடாளுமன்றம் என்று எல்லா இடத்திலும் ஒரே அளவில் கேட்டது. மற்ற நாட்களிலும் விட்டிருப்பார். ஊர் வாயை மூடினால்தானே காதில் விழும். அந்த வருடம் ஆளாளுக்குப் பக்கத்தில் நின்றவரை முறைத்தார்கள். மறு வருடம் ஜெனரேட்டர் மேல் பழியைப் போட்டு அதைக் கழற்றிப் பார்த்தார்கள். அதற்கடுத்த வருடம் நாத்தனார்தான், "எங்க அண்ணன் குறட்டைங்க இது. எனக்குத் தெரியாதா?" என்று போட்டு உடைத்தாள். தையல்காரிக்கு முதல் நாளே தெரியும். அவள் மூச்சு விடவில்லை.

விழா அதிகாரி தையல் கடைக்கே வந்துவிட்டார். தைத்து முடிக்காத பாவாடைகளை நகர்த்திவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வெளிநாட்டுத் தூதருங்க எல்லாம் வர்றாங்க. வீட்ல இதை எப்படி நிறுத்துவீங்க?"

நாத்தனார் முந்திக்கொண்டாள். "அண்ணி விலாவுல ஒரு இடி இடிச்சு, ஒருக்களிச்சுப் படுங்கன்னு சொல்வாங்க. அப்புறம் கப்சிப்."

"அதையே மைக்ல ஒரு தடவை சொல்லிடுங்களேன்."

"சொன்னா கேட்டுடுவாருங்க," என்றாள் தையல்காரி. "அதான் பயமா இருக்கு."

காதில் பஞ்சடைத்துக்கொண்டு, தலையணையோடு அடுக்களைக்கு ஓடிய காலமெல்லாம் உண்டு. இப்போது அவரிடமிருந்து அவளுக்குக் கிடைப்பது வருடத்துக்கு ஒரே ஒரு நிமிடம். அதையும் அவளே நிறுத்த வேண்டுமாம். மாட்டேன் என்றால் அடுத்த வருடம் முதல் மௌனத்துக்குப் பதில் பேண்டு வாத்தியம் என்றார் அதிகாரி, மிகவும் மரியாதையாக.

நினைவு நாளன்று மேடை ஏறினாள். மௌனம் தொடங்கியது, குறட்டையும் தொடங்கியது. அதிகாரி கண்ணைக் காட்டினார். அவள் மைக்கைப் பிடித்து, "ஏங்க, மல்லாந்தே படுங்க. யார் என்ன சொன்னாலும் திரும்பாதீங்க," என்றாள்.

பெண்டாட்டி பேச்சைத் தட்டாத மனிதர். அரைக்கம்பத்தில் கிடந்த கொடி படபடத்தது, ஒரு தூதரின் தொப்பி இரண்டு வரிசை தாண்டி விழுந்தது. அதே ரயிலில் மகனைப் பறிகொடுத்த தபால்காரர் முதலில் சிரித்தார். பிறகு சட்டென்று உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "நல்ல தூக்கத்துல இருந்திருக்காங்கய்யா. பிள்ளைக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது," என்றார். அந்த வார்த்தை வரிசை வரிசையாகப் பின்னால் போனது.

அப்புறம் பேண்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அமைச்சர்கள் மாறினார்கள், புதுப் பாலம் வந்தது, தூதர்கள் தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொள்ளப் பழகினார்கள். நாடே நிற்கும் அந்த நிமிடத்தில் தையல்காரி மட்டும் முன்வரிசை நாற்காலியில் அசந்து தூங்கிவிடுகிறாள். அடுத்து தேசிய கீதம். அதைக் குரலைத் தாழ்த்தித்தான் பாடுகிறார்கள்.