நோட்டில் இருந்தவள்

கணவன் இறந்து ஐந்து மாதமாகியும் அவள் அழவில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை இஸ்திரி உருளைக்குள் விடுவாள். மறுபக்கம் சூடாக வருவதை மடித்து அடுக்குவாள். விரல் சுட்டால்கூட ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

ஒருநாள் அவன் சட்டைகளை எடுத்து ஒதுக்கிக்கொண்டிருந்த நாத்தனார், அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். லிஃப்ட் பழுதுபார்த்தவன் அவன். பக்கமெல்லாம் அவன் கையெழுத்தும் கிரீஸ் கறையும். நாலு வரி படித்ததும் நாத்தனாருக்கு முகம் வெளிறிப்போயிற்று.

“என்ன அண்ணி கண்றாவி இது! ‘உன் கூந்தல் இருட்டில் வழி தவறினேன். இன்னொரு கிண்ணம் ஊற்று, தெளிந்தால் செத்துவிடுவேன்.’ யாரு இவ? நாலு பேர் கண்ணுல படறதுக்குள்ள கொளுத்திடுங்க!”

பொறாமையாவது வந்திருக்கலாம். அதுவும் வரவில்லை. ஆனால் கொளுத்தவும் கை வரவில்லை. நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு பூட்டு ரிப்பேர்காரரிடம் போனாள். வியாழன்தோறும் இறைவன் பெயரைக் கூடி ஓதும் திக்ரு மஜ்லிஸில், அவள் கணவன் பக்கத்தில் எப்போதும் உட்கார்ந்தவர் அவர்தான்.

அவர் அரத்தைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

“பொம்பளை யாரும் இல்லம்மா. படைச்சவனைத்தான் நாங்க இப்படிச் சொல்றது. கூந்தல்னா அவனை மறைக்கிற இந்த உலகம். கிண்ணம்னா அவன் மேல வெச்ச பிரியம்.”

“அல்லாஹ்னு நேராவே எழுதியிருக்கலாமே?”

“நேரா சொன்னா தெரிஞ்சுபோச்சுன்னு ஆயிடுது. அங்கேயே நின்னுடுவோம். இப்படிச் சொன்னா மனசு நிக்காம தேடும். வெளியாளுக்கு இது வெறும் கிறுக்கல். தேடி அலையறவனுக்கு மட்டும், கூட ஒருத்தன் அலையறான்னு புரியும்.”

“அவர் குடிச்சதே இல்லையே.”

“நானும்தான்.”

அவள் ஒரு சாவியை எடுத்து, திரும்ப வைத்தாள்.

“இதுல நான் எங்க இருக்கேன்?”

அதற்கும் ஒரு பொருள் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். “கூந்தல்னு எழுதறவன் ஏதோ ஒரு கூந்தலைப் பார்த்திருக்கணும். அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா.” சொல்லும்போதே அவர் கண் நிறைந்து வழிந்தது. யாரோ தெருவில் பஞ்சர் ஒட்டுவதைப் பார்ப்பதுபோல் அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவருடைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டு வாசலிலேயே நாத்தனார் பிடித்துக்கொண்டாள்.

“யாருன்னு தெரிஞ்சுதா?”

“இல்ல. உங்க அண்ணனுக்கும் தெரியல. தேடிட்டு இருந்திருக்காரு.”

“அப்ப கொளுத்தலையா?”

“இல்ல.”

உலையில் அரிசி போட்டுவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஒரு வரியில் விரல் வைத்துப் படித்தாள். புரியவில்லை. அதையே மறுபடி படித்தாள். சோறு அடிப்பிடிக்கிற வாடை வந்தும் அவள் எழுந்திருக்கவில்லை; நாத்தனார்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.