ஒரே பக்கம் சாய்ந்த கிண்ணங்கள்

உடைந்த போல்ட்டின் இரண்டு துண்டுகளையும் ஆலன் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். ஆம்பூர் டேனரி ஒன்றில் அவன் ஃபிட்டர். தோல்களைப் போட்டுச் சுழற்றும் பெரிய மர டிரம்மின் கதவுப் போல்ட் அது. டிரம் ஓடும்போது அறுந்துவிட்டது என்று அவன் சொன்னான். நீதான் அளவுக்கு மீறி இறுக்கி உடைத்திருப்பாய் என்றார் மேனேஜர். வேலூர் லேபில் காட்டிவிட்டு வா, உன் வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று அனுப்பியிருந்தார்.

அந்த லேபில் மைக்ராஸ்கோப் பார்ப்பவள் அவனுடைய அக்கா ஃபீபி.

“நடுவுல இன்னாடா இப்படிப் பளபளன்னு இருக்குது?”

“பஸ்ல சும்மா ரெண்டையும் பொருத்திப் பொருத்திப் பாத்துனு வந்தேன்க்கா.”

“பல்லு விழுந்தாகூட எடுத்து ஒட்டவெச்சுப் பாப்ப நீ.”

அவன் சிரித்தான். அவளால் முடியவில்லை. உரசினால் உடைப்பின் முகமே அழிந்துவிடும்.

இரும்பு அறுவதற்கு முன்பு, அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கும். ஒரு துளை வளர்ந்து அடுத்ததைத் தொடும். அறுந்த பிறகு அவை திரையில் சின்னக் கிண்ணங்களாகத் தெரியும். நேராக இழுபட்டு அறுந்திருந்தால் வட்டமாக இருக்கும். முறுக்கி அறுத்திருந்தால் ஒரே பக்கமாக நீண்டு சாய்ந்திருக்கும். வட்டம், வட்டம் என்று ஜெபம்போல் சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

நடுவில் ஒன்றுமில்லை. தேய்ந்த தட்டை. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ‘தேய்ந்திருக்கிறது, சொல்ல இயலாது’ என்று எழுதிவிடலாம். பொய்கூட இல்லை. அந்த நிம்மதிதான் அவளைப் பயமுறுத்தியது. பஸ்ஸில் அவன் எதற்காக உரசினான் என்று, அவன் சொன்னபோதே தனக்குத் தெரியுமோ?

விளிம்புக்கு நகர்த்தினாள். அங்கே மிஞ்சியிருந்த கிண்ணங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

வெளியே பெஞ்சில் அவன் காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

“ஸ்பேனர் பிடியில நீளமா பைப்ப மாட்டி முறுக்கினியா?”

கால் நின்றது. “எல்லாரும்தான்க்கா மாட்றாங்க. இறுக்கும்போதே போய்டுச்சு. பயந்துட்டேன்.”

“மத்த போல்ட்டு?”

“அதையும் அப்டித்தான்.”

“டிரம் இப்ப ஓடுதா?”

“உடைஞ்சதுக்குப் பதிலா புதுசு ஒண்ணு போட்டு ஓட்றாங்க. டிரம் ஓட்ற ரஷீத் பாய்தான் கிட்ட நிப்பாரு.”

“அவருக்கு ஃபோனப் போட்டு நிறுத்தச் சொல்லு.”

“வேல போய்டும்க்கா.”

அறுந்ததை மட்டும்தான் பார்த்தாள். அறாமல் அங்கே கதவைப் பிடித்துக்கொண்டிருப்பவற்றின் உள்ளே எத்தனை துளைகளோ.

“நீ போட்றியா, நான் போடவா?”

அவன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டிரம் ஓடுகிற சத்தத்தில் அங்கே ஃபோன் மணி கேட்காது என்பது இருவருக்கும் தெரியும்.

“மறுபடி போடு,” என்றாள்.