தொட்டி நிறைகிறது

"இறுக்கு, இன்னும் இறுக்கு!" என்று கூடத்திலிருந்து அப்பா கத்தினார். பெரிய கத்தல் ஒன்றும் இல்லை. அவரிடம் மிச்சமிருந்த மூச்சுக்கு அதுவே கத்தல்தான்.

சமையலறைக் குழாயின் வாயில் பச்சை பிளாஸ்டிக் இணைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள் மகள். தண்ணீர் பக்கவாட்டில் பீறிட்டு அவள் முகத்தில் அடித்தது.

"மூஞ்சி கழுவியாச்சுப்பா!"

"வாஷர் போட்டியாடி, வாலு?"

வாஷர் அட்டைப்பெட்டியின் மூலையிலேயே ஒட்டிக்கிடந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அதை எடுத்தாள்.

"சத்தத்தையே காணோமே, போடலைதானே?" அப்பாவின் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதிலிருந்து அப்பாவின் கட்டில் மீன் தொட்டியை ஒட்டித்தான் கிடந்தது. கட்டில் நீளத்துக்குத் தொட்டி. கட்டடம் கட்டுகிற இடங்களில் கிரேன் ஓட்டியவர் அவர். வேலை பார்த்த காலமெல்லாம் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, கண்ணாடிக்குள் இருக்கிற உயிர்கள்மேல் அவருக்கு அப்படியொரு பாசம். அவர் படுத்தபிறகு அம்மாதான் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள். அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தண்ணீர் பழுத்த மஞ்சளாகியது. கடைசியில் மீன் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். இன்று சாயங்காலம் வந்து மீன்களைத் தொட்டியோடு எடுத்துப் போவார்.

"போகட்டும்" என்று அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மகளுக்கு அந்த முதுகைப் பார்க்க முடியவில்லை. நேராகப் போய் இந்த டியூபை வாங்கி வந்துவிட்டாள். ஒரு முனை குழாயில், மறுமுனை தொட்டியில். குழாய் முனையில் ஒரு பிடி. இறக்கினால் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற வேகமே தொட்டித் தண்ணீரை இழுத்துவந்து சிங்க்கில் விடும். ஏற்றினால் புதுத் தண்ணீர் தொட்டிக்குப் போகும்.

அம்மா இடுப்பில் கை வைத்து நின்று நிபந்தனை போட்டாள்.

"ஒரு வாளி தூக்கக் கூடாது. ஒரு சொட்டு கீழ சிந்தக் கூடாது. மாத்திக் காட்டுங்க, கடைக்காரரை வரவேணாம்னு சொல்றேன்."

"சிந்தினா?"

"சிந்தினா மீனும் போகும், நீங்க ரெண்டு பேரும் பின்னாடியே போகலாம்" என்று சொல்லிவிட்டு, துணி எடுக்க மொட்டைமாடிக்கு ஏறிப் போனாள்.

வாஷர் உட்கார்ந்ததும் ஒழுகல் நின்றது. மகள் பிடியை இறக்கிக் குழாயைத் திறந்தாள். டியூப் ஒரு தடவை துள்ளியது. பிறகு அதற்குள் மஞ்சள் நிறம் ஓடிவந்தது.

"வருதுப்பா! வருது!"

"வருதா? இங்க இறங்குதுடி! கண்ணுக்குத் தெரிய இறங்குது!"

அவள் கூடத்துக்கும் சமையலறைக்குமாக ஓடினாள். அப்பா தலையணையிலிருந்து எழும்பி முழங்கையை ஊன்றியிருந்தார். கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. எத்தனை நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து! அவளுக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. தட்டியே விட்டாள்.

தண்ணீர் வேண்டிய மட்டும் இறங்கியதும் குழாயை மூடிவிட்டு, குளோரினை முறிக்கிற மருந்தைத் தொட்டியில் ஊற்றினாள். நிரப்புகிற வேலைதான் பாக்கி. குழாயடியில் நின்றால் தொட்டி தெரியாது. நடுவில் சுவர்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் அப்பா. "கிரேன்ல மேல உட்கார்ந்தவனுக்குக் கீழ நடக்கிறது தெரியாது. கீழ நிக்கறவன் சொல்றதுதான் அவனுக்குக் கண்ணு. இத்தனை வருஷம் நான் அடுத்தவன் சொல்லுக்கு இறக்கினேன், ஏத்தினேன். இன்னிக்கு நீ மேல, நான் கீழ. நான் சொல்லாம குழாயை மூடக் கூடாது. புரியுதா?"

"புரியுது, முதலாளி."

"பாதியில எட்டிப் பாக்கிற வேலையும் வேணாம். அது சொல்றவனுக்கு அவமானம்."

அவள் குழாயடிக்குப் போய்ப் பிடியை ஏற்றிக் குழாயைத் திறந்தாள்.

"வரட்டும்…" என்றார் அப்பா. "வரட்டும்… வரட்டும்…"

ரிவர்ஸில் வருகிற லாரிக்குச் சொல்கிறமாதிரி அந்த ராகம். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கருப்பன் என்னப்பா பண்றான்?"

"வாலை ஆட்டிக்கிட்டு டியூபோட சண்டை போடறான். வரட்டும்… தங்கம் மேல ஏறிட்டா. அழகா இருக்குடி. வரட்டும்…"

பிறகு குரல் இல்லை. மீன்களைப் பார்த்துச் சொக்கிப்போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். குழாயில் கை வைத்தபடியே அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமும் இப்படியே மாற்றலாம், அம்மாவைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்து மாற்றலாம், அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்றாள். எட்டிப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. சொன்ன சொல்லுக்காக நின்றாள்.

காலடியில் சில்லென்றது. குனிந்தாள். நிலைப்படியைத் தாண்டித் தண்ணீர் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

"அப்பா! தூங்கிட்டீங்களா? போச்சு, அம்மா கொல்லப் போறா!"

சிரித்துக்கொண்டேதான் குழாயை மூடினாள். சிரித்துக்கொண்டேதான் கூடத்துக்குள் போனாள்.

அப்பா தொட்டியைப் பார்த்துச் சாய்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, அடுத்த சொல்லுக்கு வைத்தமாதிரி. அவள் மூக்கருகே விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்காமல் நின்றாள். தொட்டியின் விளிம்பில் வழிந்துகொண்டிருந்த தண்ணீர் தானாக நின்றது.

அம்மா துணிகளை அணைத்தபடி இறங்கி வந்தாள். ஈரத்தைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, கையிலிருந்த காய்ந்த துணிகள் அத்தனையையும் தண்ணீரின்மேல் போட்டுவிட்டு, அவற்றை மிதித்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள்.

சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். வாசலில் குவிந்திருந்த செருப்புகளைப் பார்த்து மீன் கடைக்காரர் அங்கேயே நின்றுவிட்டார். கையிலிருந்த பெரிய வாளியை முதுகுப்பக்கம் மறைத்துக்கொண்டார்.

"தெரியாம வந்துட்டேன்மா. நான் இன்னொரு நாள்…"

"வேணாம்ப்பா" என்றாள் அம்மா. "இப்பத்தான் தண்ணி மாத்தினோம்."

அவர் தலையை ஆட்டினார்.

மகள் தொட்டியின் அருகில் தரையில் உட்கார்ந்திருந்தாள். புதுத் தண்ணீர் விட்டுப்போன சின்னச் சின்னக் குமிழிகள் கண்ணாடி முழுக்க, செடி முழுக்க, மீன்களின் முதுகில்கூட ஒட்டியிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக விடுபட்டு மேலே போயின.