இரண்டரை மணி நேர மாப்பிள்ளை

எண்பத்தெட்டில் மரக்காணத்துக்கு பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் துபாய்க்கு விமானம் எவ்வளவு நேரத்தில் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் புண்ணியம் மளிகைக் கடை உபைதுல்லா பாயைச் சேரும். அவருடைய மாப்பிள்ளை முபாரக், கல்யாணமான கையோடு துபாய் போனான். மெட்ராஸில் காலை பத்து மணிக்கு விமானம் கிளம்பியதை பாயே தன் கைக்கடிகாரத்தில் பார்த்தார். பன்னிரண்டரைக்கு இறங்கிவிட்டதாக மாப்பிள்ளை கேசட்டில் பேசி அனுப்பினான். கணக்கு தீர்ந்தது: இரண்டரை மணி நேரம்.

"அங்க கடிகாரம் நம்மளவிட ஒன்றரை மணி பின்னாடி பாய். நாலு மணி நேரம் ஆவும்" என்று உப்பளக்காரனான நான் ஒருமுறை வாயைக் கொடுத்தேன்.

"ஏம்பா கண்ணாயிரம், ஏரோப்ளேன்ல எங்க மாப்ள போனாரா, நீ போனியா?"

அதோடு விட்டாரா? என் மருமகன் சதீஷ் பக்கத்திலேயே இருக்கும் இரும்பை ஊரிலிருந்து பஸ் மாறி வந்து சேர அரை நாள் ஆகும். "உன் மருமவன் இரும்பையிலேருந்து வர்றதுக்குள்ள எங்காளு துபாய்லேருந்து வந்து, சாப்ட்டு, கை கழுவிடுவாரு." கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாயின் மகள் ஹஸ்னாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் குழந்தையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்வது அவர்கள் வழக்கம். அதற்காக வந்து நின்ற பள்ளிவாசல் ஹஜ்ரத்தை பாய் தடுத்துவிட்டார்.

"பாங்கு நான்தான் சொல்வேன்னு மாப்ள கேசட்ல சொல்லிருக்காரு. தந்தி குடுத்தாச்சு. ரெண்டரை மணி நேரத்துல வர்ற மனுஷன்!"

"இதெல்லாம் தள்ளிப்போடக் கூடாது பாய்."

"அவரே வரட்டும் ஹஜ்ரத்" என்றாள் ஹஸ்னாவும். அவள் கண் வாசலிலேயே இருந்தது.

அந்த இரண்டரை மணி நேரம் நன்றாகவே நீண்டது. குழந்தைக்குத் தொப்புள்கொடி உலர்ந்து விழுந்தது. இரும்பையிலிருந்து சதீஷ் இரண்டு முறை வந்து போய்விட்டான். வேண்டுமென்றே அவனைக் கடை வழியாகவே கூட்டிப் போனேன். பாய் எங்களைப் பார்க்காதது போல் புளி நிறுத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மாப்பிள்ளை வரவில்லை, கேசட்தான் வந்தது. ஊருக்கு வந்த யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். பாய் அப்போதும் சளைக்கவில்லை. டேப் ரெக்கார்டரைத் தொட்டிலருகே வைத்துவிட்டு, கேட்டுப் போகச் சொல்லி என்னையும் கூப்பிட்டார். முபாரக்கின் குரலில் பாங்கு ஒலித்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பாங்கு முடிந்ததும் அதே குரல் பேசியது.

"ஹஸ்னா, பாஸ்போர்ட்டு அரபிகிட்ட இருக்குது. லீவு கேட்டேன். ரெண்டு வருஷம் முடியட்டும்னு சொல்லிட்டான். புள்ள யாரு ஜாடை?"

ஹஸ்னா டேப்பை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"அத்தா, துபாய் எவ்ளோ தூரம்?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. எத்தனை நாள் காத்திருந்த சந்தர்ப்பம்! ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் தொட்டில் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாய் கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தார். குழந்தையைத் தூக்கி, அதன் வலது காதருகே குனிந்து பாங்கு சொன்னார். கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி பேசுகிற மனிதர். பக்கத்தில் நின்ற எனக்கே அன்றைக்கு அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை.