ஒரு சாண் கூடுதல்

பாயின் தலை பாய்மரத்தின் உச்சியில் போய் முட்டி நின்றுவிட்டது. கயிற்றுக்காரர் கைப்பிடியை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கயிறு முனகியதே தவிர, பாய் நகரவில்லை. கீழே, விறைத்து நிற்க வேண்டிய இடத்தில், புத்தம்புதுத் துணி தொப்பை போட்டுத் தொங்கியது. தையற்காரன் அந்தத் தொப்பையின் மேல் விரல்களை விரித்து வைத்தான். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை. ஒரு நூல் அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

“ஒரு சாண் கூடுதல், தலைவரே” என்றான், கால்சட்டை நீளத்தை வாடிக்கையாளரிடம் சொல்லுகிற அதே குரலில்.

கயிற்றுக்காரர் முப்பது வருஷமாக அந்தத் துறைமுகத்தில் படகுகளுக்குக் கயிறு கட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் அது வலிக்கிற இடத்தில்தான் போய் உட்காரும்.

“மரத்தை அளந்தீங்களா, பழைய பாயை அளந்தீங்களா?”

தையற்காரன் தொப்பையின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டான். கயிற்றுக்காரருக்கு அதுவே போதும்.

வெளியூரில் பாய் தைத்து அனுப்புகிறவர் அளவு கேட்கும்போதே தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். பாயை மேலே இழுக்கிற ஏற்றுக்கயிற்றின் நுனியில் அளவு நாடாவைக் கட்டி உச்சிவரை இழுங்கள், கீழே நின்று எண்ணைப் படியுங்கள், படிவத்தில் எழுதுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் இருபத்தெட்டு வருஷம் ஊராருக்கெல்லாம் சட்டை தைத்தவனுக்கு அது புரியுமா? அளவுச் சட்டை கையில் இருக்கும்போது எந்தத் தையற்காரன் ஆளை நிற்கவைத்து அளப்பான்? பழைய பாயை வண்டி நிறுத்துமிடத்தில் விரித்தான். நான்கு மூலையிலும் செங்கல் வைத்தான். முழங்கால் தேயத் தவழ்ந்து, தலையிலிருந்து அடிவரை அளந்து, மில்லிமீட்டர் சுத்தமாக எழுதினான். பன்னிரண்டு வருஷம் காற்று பிடித்து இழுத்த துணி நீண்டுபோயிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பழைய பனியனின் கழுத்தைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறவன்தான். இருந்தும் தோன்றவில்லை.

படகு தையற்காரனின் அண்ணனுடையது. ஒல்லியான இரண்டு படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நடுவே தளமும் அறையும் போட்டு இணைத்ததுபோல இருக்கும் பெரிய இரட்டைப் படகு. கப்பல்களில் எஞ்சின் பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன், ஆறு வருஷமாக அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தார். அண்ணியும் அவரும் அதில் ஏறி, திரும்பிவரும் தேதி இல்லாமல் போவதாகத் திட்டம். எல்லாம் முடிந்து பாய் மட்டும் பாக்கி இருந்த சமயத்தில்தான் அண்ணனின் வயிற்றில் இருந்த கட்டியை டாக்டர் கண்டுபிடித்தார். மாதக் கணக்கில் ஒரு எண்ணைச் சொன்னார். கை விரல்களில் அடங்கிவிடுகிற எண்.

அதற்கு அடுத்த வாரம் துணி மாதிரிகள் தபாலில் வந்தன. போர்வைமேல் மூன்றையும் பரப்பி, அண்ணன் ஒவ்வொன்றாகக் காதருகே கசக்கிக் கேட்டார். மெல்லியது ஐந்து வருஷம் வரும். நடுத்தரமானது எட்டு. கனமானது, நெய்யும்போதே உறுதியான இழை கலந்தது, பன்னிரண்டு. தையற்காரன் நடுத்தரத்தைச் சிபாரிசு செய்தான். அண்ணனின் வயிற்றைப் பார்க்காமல் மெல்லியதைச் சிபாரிசு செய்ய முடியவில்லை, கனமானதையும் சொல்ல வாய் வரவில்லை.

“ஒத்தைப் படகுன்னா பலமா காத்தடிச்சா சாஞ்சு குடுத்திடும்டா” என்றார் அண்ணன். “இது சாயாது. நிமிர்ந்து நின்னு எல்லாத்தையும் வாங்கும். பாரம் முழுக்க பாய் மேலதான் விழும். இதுதான் வேணும்.” கனமானதன் மேல் கையை வைத்தார். பன்னிரண்டு வருஷம்.

அண்ணி அடுப்பில் என்னவோ இருப்பதாகச் சொல்லி எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

இப்போது அவள்தான் கைபேசியில் கூப்பிட்டாள். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாயிற்றாம். காலையில் வந்த டாக்டர், இன்றைக்கோ நாளைக்கோ என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாராம். “கண்ணை மூடமாட்டேங்கறார் தம்பி. பாய் ஏறிடுச்சா, ஏறிடுச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்கார்.”

“இதோ அண்ணி. ஒரு முடிச்சுதான் பாக்கி” என்றான். பொய்யை அளவெடுத்துத் தைப்பதில் மட்டும் அவனுக்குக் கை தவறுவதில்லை.

பலத்த காற்றில் பாயைச் சிறிதாக்குவதற்கென்றே அதன் உயரத்தில் மூன்று இடங்களில் துளைகள் வைத்துத் தைத்திருப்பார்கள். அதுவரை இறக்கி, மிச்சத்தை மடித்துக் கட்டிவிடலாம். கயிற்றுக்காரர் முதல் வரிசைத் துளைகளைக் காட்டினார். இதில் கட்டினால் கூடுதல் தெரியாது, விறைப்பாக நிற்கும், தூரத்திலிருந்து பார்க்க லட்சணமாகவும் இருக்கும் என்றார்.

“அண்ணன் பார்த்தா?”

கயிற்றுக்காரர் தண்ணீரைப் பார்த்தார். தட்டில் ஊற்றிவைத்ததுபோல அசையாமல் கிடந்தது. இப்படிப்பட்ட நாளில் பாயை மடிக்கிறவன் ஒன்று பைத்தியக்காரன், அல்லது எதையோ மறைக்கிறவன். கயிற்றுக்காரர் மடிப்புக் கயிற்றை எடுத்துத் தையற்காரன் கையில் கொடுத்தார்.

கட்டினார்கள். பாய் நின்றது. ஒரு சுருக்கம் இல்லை. வெயிலில் அந்த வெண்மையைப் பார்த்தபோது, தொழில்காரனுக்கு வருகிற அசட்டுப் பெருமிதம் ஒரு கணம் அவனுக்குள் எட்டிப்பார்த்தது. பிறகு அவனே அதைத் துரத்திவிட்டான்.

வீடு துறைமுகத்துக்கு எதிரே, மேட்டில், மூன்றாவது மாடியில். அவன் மூச்சு வாங்க உள்ளே போனபோது அண்ணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தொலைநோக்கியை அண்ணனின் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அதைத் தூக்கும் பலம் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லாருக்கு” என்றார்.

தையற்காரன் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டான். அண்ணி தொலைநோக்கியை இறக்கினாள். அண்ணன் தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் அவன் பக்கம் கொண்டுவந்தார்.

“எவ்வளவுடா?”

இரண்டே சொல்தான் வேண்டியிருந்தது. ஒரு சாண். அது தொண்டைவரை வந்தும்விட்டது. ஆனால் பிறந்ததிலிருந்து இக்கட்டான நேரத்திலெல்லாம் அவனுக்கு முன்னால் ஓடிவந்து நிற்பது வேறொன்று, கேலிப் பேச்சு. அப்பாவிடம் அடிவாங்கும்போதும், பெண் பார்க்கப் போன வீட்டிலும், கடன் கேட்டு நின்ற இடத்திலும் அதுதான் அவனுக்காகப் பேசியது. இன்றைக்கும் அதுவே பேசியது.

“கூலியாண்ணா? உனக்குப் போய் கூலி வாங்குவேனா? ஒரு டீ வாங்கிக் குடு, போதும்.”

அண்ணன் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. அவனையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பஸ் வருமா என்று தெருமுனையைப் பார்ப்பதுபோல.

“சரி” என்றார்.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் பேச்சு இல்லை. மூச்சு மட்டும் நீண்டு, இடைவெளி விட்டு, ஒவ்வொன்றும் இதுதான் கடைசி என்று ஏமாற்றியபடி வந்துகொண்டிருந்தது. மதியம் மூன்றேகால் மணிக்கு ஏமாற்றவில்லை.

டாக்டர் வந்து பார்த்துக் காகிதத்தில் நேரம் எழுதிக் கொடுத்தார். கீழ்வீட்டுக்காரர்கள் நான்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார்கள். சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் தையற்காரன்தான் கைபேசியில் சொன்னான். எட்டாவது ஆளிடம் சொல்லும்போது, ஏதோ ஆர்டர் தயாராகிவிட்டது என்று சொல்வதுபோலத் தன் குரல் இருப்பது அவனுக்கே கேட்டது.

முடித்துவிட்டுச் சமையலறைக்குப் போனான். அண்ணி மாத்திரைப் பட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு முதுகைக் காட்டியபடியே, அவர் என்ன கேட்டார் என்று அவனுக்குப் புரிந்ததா என விசாரித்தாள்.

“புரிஞ்சுது அண்ணி.” இந்த முறை சொல்லிவிட்டான். “தப்பா அளந்துட்டேன். பழைய பாயை அளந்தேன். ஒரு சாண் கூடுதல். அதான் மடிச்சுக் கட்டினேன்.”

அவள் இன்னொரு பட்டையை எடுத்துப் பையில் போட்டாள்.

“அவருக்குத் தெரியும் தம்பி. நீங்க எழுதின படிவத்தை அனுப்பறதுக்கு முன்னாடி நான்தான் படிச்சுக் காட்டினேன். அந்த மரத்தோட உயரம் அவருக்குத் தூக்கத்துலயும் தெரியும். நம்பரைக் கேட்டதுமே சிரிச்சார்.”

“அப்ப ஏன் சொல்லலை?”

“நானும் அதைத்தான் கேட்டேன். தம்பியை மறுபடி அளக்கச் சொல்லுங்கன்னேன்.” ஒரு பட்டையில் இரண்டு மாத்திரை மீதமிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டாள். “மறுபடி அளந்து அனுப்பினா, பாய் தைக்கிறவர்கிட்ட நம்ம வரிசை தப்பிப் போகும், பாய் வர இன்னும் ரெண்டு மூணு வாரம் ஆகும்னார். அவ்வளவு நாள் இல்லைன்னார். ஏத்தறதுக்கு இது போதும், அனுப்புன்னுட்டார்.”

பன்னிரண்டு வருஷத் துணியைத் தேர்ந்தெடுத்த மனுஷன்.

தையற்காரன் எதையாவது சொல்ல வாயைத் திறந்தான். வழக்கமாக முன்னால் ஓடிவரும் கேலி இப்போது வரவில்லை. அண்ணியின் கையிலிருந்த பையை வாங்கி, வாயை முடிச்சுப் போட்டான்.

ஐந்து மணிக்குக் கயிற்றுக்காரர் கூப்பிட்டார். விஷயத்தைக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். சற்று நிறுத்தி, மன்னிக்கணும், காற்று எழும்புகிறது, பாய் இப்படியே நின்றால் படகு கயிற்றை அறுத்துக்கொள்ளும், தனியாளாக இறக்க முடியாது என்றார். அண்ணியிடம் சொன்னான். போய்விட்டு வரச்சொல்லித் தலையை அசைத்தாள்.

இறக்கினார்கள். பாய் பெரும் சலசலப்போடு படகு அறையின் கூரைமேல் வந்து விழுந்தது. மடிக்கத்தான் முடியவில்லை. புதுத்துணி அட்டைபோல விறைத்து நின்றது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. பட்டுத்துணியிலிருந்து கம்பளிவரை படியவைத்த கை, இதனிடம் தோற்றது.

“புதுசு அப்படித்தான். நாலு தடவை கடலுக்குப் போயிட்டு வந்தா...” என்று ஆரம்பித்த கயிற்றுக்காரர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தையற்காரன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூரைமேல் ஏறினான். கைகால்களை அகல விரித்து, பாயின் மேல் குப்புறப் படுத்தான். அடியில் மாட்டிக்கொண்ட காற்று அவனை மெதுவாகத் தூக்கியது. பிறகு ஓரங்கள் வழியாகச் சீறிக்கொண்டு வெளியேறியது. அவன் எழவில்லை. கயிற்றுக்காரர் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்து, சுற்றத் தேவையில்லாத ஒரு கயிற்றைப் பிரித்து, மறுபடியும் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார்.